ஹான், எனக்கு எத்தனை?

ஹாரோ, இலோயிலோ, பிலிப்பைன்ஸ்
ஜூன் 29

அன்புள்ள ஜோய்,

நானும் ஹானும் நலம். ஹாங்காங்கில் நீயும் உன் முதுகும் நலமா? உன் முதலாளியின் கிழட்டுத் தகப்பனாரைத் தூக்கி உட்கார வைக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு என்று சொல்லியிருந்தேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

உன் மகள் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டிசம் உள்ள பிள்ளையை மற்ற முப்பத்தோரு பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைப்பது இந்தப் பள்ளிக்கு இதுதான் முதல் தடவை. முதல்வர் திருமதி பல்மாரெஸ் இதை அரை மணி நேரத்தில் ஐந்து முறை சொன்னார். பிறகு நிபந்தனையைச் சொன்னார். இந்த ஆண்டு ஒரு சோதனை. மார்ச் கடைசியில் ஒரு குழு கூடும். ஹான் வகுப்புப் பிள்ளைகளோடு பழகுகிறாள் என்று குழுவுக்குத் தோன்றினால் நான்காம் வகுப்பு. இல்லையென்றால் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள சிறப்புப் பள்ளி. அதை நீயும் பார்த்திருக்கிறாய். ஒரே அறை, ஐந்து வயது முதல் பத்தொன்பது வயது வரை எல்லாரும், நாள் முழுக்க ஓடும் ஒரு தொலைக்காட்சி.

அவள் பழகுவதற்கு ஒரு திட்டமும் வைத்திருக்கிறார்கள். பெயர் ‘நண்பர் திட்டம்’. தினமும் ஒரு பிள்ளை ஹானுக்கு நண்பராக நியமிக்கப்படும். ஹலோ சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு ஸ்டிக்கர். தின்பண்டம் பகிர்ந்தால் ஒன்று. பத்து நிமிடம் விளையாடினால் ஒன்று. எல்லாம் சுவரிலுள்ள பட்டியலில் ஏறும். அதிகம் சேர்த்த பிள்ளைக்கு ஆண்டு முடிவில் ‘மிகச் சிறந்த நண்பர்’ ரிப்பன். வழக்கம்போல அம்மா மேடையேறிக் குத்திவிட வேண்டும். நம் ஊர்த் தாய்மார்களுக்கு மேடையேற ஒரு காரணம் கிடைத்தால் போதும், அந்தக் காரணம் யார் என்று பார்க்க மாட்டார்கள்.

வகுப்பாசிரியை மிஸ் தூபஸுக்கு இருபத்து நான்கு வயது. திட்டத்தை விளக்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
வெங்


ஹாங்காங்
ஜூலை 20

அன்புள்ள மனாங் வெங்,

ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் பிரார்த்தனை. முதுகுக்குத் தைலம் தடவுகிறேன், கவலை வேண்டாம்.

பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் படம் பார்த்தேன். நடுவில் என் ஹான், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் தோளில் கை போட்டுக்கொண்டு! ஞாயிற்றுக்கிழமை இங்கே நம் ஊர்ப் பெண்கள் கூடும் இடத்தில் எல்லாருக்கும் காட்டினேன். ஒருத்தி அழுதேவிட்டாள். ஒன்பது வயதுக்குள் அவள் தோளில் யாராவது கை போட்டிருக்கிறார்களா, சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் பயமாக இருக்கிறது. கல்லூரியில் இருபத்தைந்து வருஷம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து எதையும் நம்பாத புத்தி உங்களுக்கு வந்துவிட்டது. எதுவானாலும் அவள் அந்த வகுப்பில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. வந்துவிடுவேன். மார்ச்சில் அந்தக் குழுவுக்கு முன்னால் நானே நிற்பேன்.

ஹானுக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கை,
ஜோய்


ஹாரோ
ஆகஸ்ட் 17

அன்புள்ள ஜோய்,

இருவரும் நலம். மழை விட்டபாடில்லை. உன் இருமல் நின்றதா?

நீ பார்த்த படத்தில் ஹானின் கைகளைக் கவனித்தாயா? இரண்டையும் பாவாடைப் பைக்குள் விட்டுக்கொண்டிருக்கிறாள். படம் எடுத்த அடுத்த நொடி தோளிலிருந்த கைகள் இறங்கிவிட்டன. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையையும் பார்த்தேன். அன்றைய நண்பர் ஷெக்கினா என்ற பெண். மருந்துக்கடை திருமதி கலியெகோவின் மகள். ஹானுக்கு முன்னால் வந்து நின்று, ‘‘ஹலோ ஹான் எப்படி இருக்க நான் நல்லா இருக்கேன் பை’’ என்று ஒரே மூச்சில் சொன்னாள். பொரித்த வாழைப்பழத்தில் நுனியைக் கிள்ளி ஹானின் உள்ளங்கையில் வைத்தாள். மிஸ் தூபஸ் பார்த்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு ஓடிப்போனாள். இரண்டு ஸ்டிக்கர். ஹான் அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள். கேட்க அங்கே யாரும் இல்லை.

வாசலில் தாய்மார்களின் கச்சேரி.

‘‘உங்க பொண்ணுக்கு இதுவரைக்கும் மூணு முறை வந்தாச்சு. எங்க ஷெக்கினாவுக்கு ஒண்ணுதான்!’’ என்றார் திருமதி கலியெகோ.

‘‘உங்க முறை அன்னிக்குப் புயல்னு லீவு விட்டாங்க. புயலை நானா கூட்டிட்டு வந்தேன்?’’ என்றார் மற்றவர்.

‘‘அப்ப புயலுக்கு ஈடா ஒரு நாள் குடுக்கணும்ல?’’ என்று சொல்லிவிட்டு கலியெகோ என் பக்கம் திரும்பினார். ‘‘மேடம், வியாழக்கிழமை எங்க முறை. காய்ச்சல் கீய்ச்சல்னு ஹானை வீட்ல நிறுத்திடாதீங்க. போன தடவையே ஏமாத்திட்டீங்க.’’

‘‘நெஜமாவே காய்ச்சல் வந்தா?’’

‘‘மாத்திரை நான் தரேன் மேடம். நம்ம கடைதானே.’’

இவர்களை நம்பித்தான் உன் மகள் பழகப் போகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெங்


ஹாங்காங்
செப்டம்பர் 14

அன்புள்ள மனாங்,

சுகமாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. உங்களுக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருக்குமே, வாங்கினீர்களா?

பெட்டி அனுப்பிவிட்டேன். கப்பலில் வருகிறது. அதில் முப்பத்தோரு பென்சில் டப்பா இருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளை விடாமல் கொடுங்கள். ஹான் கையால் கொடுக்கச் செய்யுங்கள்.

மிஸ் தூபஸ் செய்தி அனுப்பினார். முன்னேற்றம் எண்பத்தைந்து சதவீதமாம்! நீங்கள்தான் எண்களை நம்புகிறவர் ஆயிற்றே, இதையாவது நம்புங்கள்.

ஒன்று கேட்கிறேன். அவள் என்னைப் பற்றிப் பேசுகிறாளா? ஞாயிற்றுக்கிழமை போனில் நான்தான் பேசுகிறேன். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, உன் நானாயை, அம்மாவை நினைச்சியா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு சத்தமும் வருவதில்லை.

முத்தங்கள்.

ஜோய்


ஹாரோ
அக்டோபர் 12

அன்புள்ள ஜோய்,

நலம். மாத்திரை வாங்கிவிட்டேன், வேறு கடையில். பெட்டி வந்தது. டப்பாக்களை ஹான் கையாலேயே கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் எல்லாரும் அவளுக்கு நண்பர்கள். டிசம்பர் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அந்த எண்பத்தைந்து சதவீதம் எங்கிருந்து வந்தது என்று மிஸ் தூபஸிடம் கேட்டேன். கொடுக்கக்கூடிய மொத்த ஸ்டிக்கரில் இதுவரை கொடுத்தது எண்பத்தைந்து சதவீதமாம். அதாவது மற்ற பிள்ளைகள் எவ்வளவு வேகமாக ஸ்டிக்கர் வாங்கினார்கள் என்பதை அளந்து, அதற்கு ஹானின் முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் முதலாண்டு மாணவன் இப்படி எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஆனால் அந்த வகுப்பில் ஒழுங்கான கணக்கும் ஒன்று நடக்கிறது. என் மேசையிலிருந்து வெற்று அட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. ஹானின் பையில் கண்டுபிடித்தேன். பிள்ளைக்கு ஒரு அட்டை, மேலே பெயர், கீழே தேதிவாரியாக எண்கள். என்னவென்று கேட்டேன். கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது சொன்னாள். ‘‘எப்படி இருக்கன்னு கேட்டுட்டு எத்தனை விநாடி நிக்கறாங்கன்னு.’’

அவளுக்குப் பதில் சொல்ல ஒன்பது, பத்து விநாடி ஆகும். உனக்குத் தெரிந்ததுதான். யோசித்து உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. அட்டைகளில் இருந்தவை எல்லாம் ஒன்று, இரண்டு, ஒன்று. ஷெக்கினா கலியெகோ, வரிசையாக சைபர்.

இருபத்தைந்து வருஷத்தில் இவ்வளவு சுத்தமான தரவை நான் பார்த்ததில்லை. அட்டைகளைப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் அட்டையும் வாங்கிக் கொடுத்தேன்.

குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

வெங்


ஹாங்காங்
நவம்பர் 9

அன்புள்ள மனாங்,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

மிஸ் தூபஸ் எழுதியிருக்கிறார். அட்டைகள் பிடிபட்டுவிட்டனவாம். மகளுக்கு சைபர் போட்டதைப் பார்த்து ஒரு அம்மா முதல்வரிடம் போயிருக்கிறார். பிள்ளை மனசு உடைந்து சாப்பிடவில்லையாம்.

நீங்கள் ஏன் அதைக் கிழித்துப் போடவில்லை? அட்டை வாங்கியும் கொடுத்தேன் என்று பெருமையாக எழுதுகிறீர்கள். இது ஹானின் யோசனையா, உங்களுடையதா?

கூப்பிட்டால் போங்கள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். வேறு ஒன்றும் பேச வேண்டாம். மார்ச் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜோய்


ஹாரோ
நவம்பர் 30

அன்புள்ள ஜோய்,

நலம். ஹானுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உனக்கு எப்படி?

கூப்பிட்டார்கள், போனேன். பல்மாரெஸ், தூபஸ், கலியெகோ மூவரும் இருந்தார்கள்.

‘‘எம் பொண்ணுக்கு சைபர் போட இவ யாரு மேடம்?’’ என்று ஆரம்பித்தார் கலியெகோ.

‘‘இவளை வெச்சு உங்க பொண்ணுக்கு ஸ்டிக்கர் போடறாங்களே, அவங்க யாரு?’’ என்றேன்.

பல்மாரெஸ் சிரித்தார். பணிவில்லாதவர்களிடம் சிரிக்கும் சிரிப்பு. ‘‘அது ஊக்கப்படுத்துறது மேடம். இது பிஞ்சு மனசைப் புண்படுத்துறது.’’

‘‘ரெண்டும் எண்ணிக்கைதான். ஒண்ணு சரியான எண்ணிக்கை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பள்ளிக்கூடத்துலயே ஒழுங்கா அளக்கத் தெரிஞ்சது ஒன்பது வயசுப் பொண்ணு ஒருத்திக்குத்தான்.’’

யாருக்கும் பதில் இல்லை. அட்டைகளைப் பறிமுதல் செய்துகொண்டார்கள். நான் வரும் வழியில் பட்சோய் நூடுல்ஸ் கடையில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

சாப்பிடாமல் மனம் உடைந்து கிடந்ததாகச் சொல்லப்பட்ட ஷெக்கினாவை மறுநாளே வேலியோரம் பார்த்தேன். நேராக ஹானிடம் வந்தாள்.

‘‘ஹான், எனக்கு எத்தனை?’’

சில விநாடி கழித்து, ‘‘சைபர்.’’

‘‘இப்ப பாரு. எப்படி இருக்க?’’

சொல்லிவிட்டுக் கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு, தண்ணீருக்குள் முங்கியவள் மாதிரி நின்றாள். பின்னால் இரண்டு பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். பதினொன்றில் பதில் வந்தது.

‘‘முழங்கால்ல கொசு கடிச்சிருக்கு. காலையில ரெண்டு ரொட்டி. சாக்ஸ் ஈரம். நல்லா இருக்கேன்னு சொல்ல முடியாது.’’

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து வரிசை. எனக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று. அட்டை இல்லாவிட்டால் என்ன, அவளுக்கு எல்லாம் தலைக்குள் இருக்கிறது. உருகிவிடாதே. தாயைப் போலப் பிள்ளைகளும் எண்ணுக்காகத்தான் வருகிறார்கள். ஆனாலும் ஷெக்கினா மறுநாள் வந்து, ‘‘சாக்ஸ் காஞ்சுதா?’’ என்று கேட்டாள். அதற்கு அந்தச் சுவரில் ஸ்டிக்கர் கிடையாது.

கிறிஸ்துமஸுக்குள் வருகிறாய் அல்லவா? விமான நிலையத்துக்கு வண்டி சொல்ல வேண்டும்.

வெங்


ஹாரோ
டிசம்பர் 28

அன்புள்ள ஜோய்,

நாங்கள் நலம். நீ வரவில்லை, கடிதமும் வரவில்லை. பெட்டி மட்டும் வந்தது. அதில் பன்றி இறைச்சி டின், சோப்பு, ஹானுக்கு இரண்டு கவுன். மேலிருந்து கீழ்வரை தேடினேன். ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

நடுநிசிப் பூசைக்கு ஹானை அழைத்துப் போகவில்லை. வெடிச்சத்தம் அவளுக்கு ஆகாது. நாங்கள் இருவரும் வீட்டிலேயே பன்றி இறைச்சியும் சோறும் சாப்பிட்டோம்.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

வெங்


ஹாங்காங்
ஜனவரி 18

அன்புள்ள மனாங்,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்டிலேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லப் பயம். சொன்னால் திட்ட மாட்டீர்கள், ஒரு வரி எழுதுவீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் பயம்.

நீங்களும் ஒன்றை மறைத்தீர்கள். பல்மாரெஸ் அன்று உங்களுக்குப் பதில் சொன்னாராமே. இப்படிப் பேசும் குடும்பத்தோடு பள்ளியால் ஒத்துப்போக முடியாது, எழுத்தில் மன்னிப்புத் தராவிட்டால் மார்ச்சில் குழு கூட வேண்டிய அவசியமே இல்லை என்று. மிஸ் தூபஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ‘யாருக்கும் பதில் இல்லை’ என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

அந்த அறையில் நீங்கள் ஜெயித்தீர்கள் மனாங். தோற்றது ஹான். உங்களுக்கு எல்லாரும் முட்டாள். தூபஸ் முட்டாள், கலியெகோ முட்டாள், படத்தைப் பார்த்து அழுத நான் முட்டாள். அக்கரைப் பள்ளியில் அந்தத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஹான் உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் சொன்னது சரி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

யாரிடமும் நீங்கள் கெஞ்சியதில்லை. அந்த வேலையெல்லாம் இந்தக் குடும்பத்தில் எனக்கு.

ஜோய்


ஹாரோ
பிப்ரவரி 1

ஜோய்,

அட்டைகள் முப்பத்தொன்று இல்லை. முப்பத்து மூன்று. பள்ளிக்குப் போகுமுன் இரண்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒன்றில் மேலே ‘நானாய், ஞாயிறு, போன்’ என்று இருக்கிறது. எட்டு வாரம். 1, 1, 2, 1, 1, 2, 1, 1.

செப்டம்பரில் நீ கேட்டாயே, அவள் என்னைப் பற்றிப் பேசுகிறாளா என்று. பேச நினைத்திருக்கிறாள். எட்டு முறையும்.

இன்னொரு அட்டை என்னுடையது. அதிலுள்ள எண்களை எழுதப் போவதில்லை.

வெங்


ஹாங்காங்
மார்ச் 1

அன்புள்ள மனாங்,

நலமா என்று நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். நலமா?

இந்தக் கிழவருக்கு ஒரு வாய்க் கஞ்சி தொண்டையில் இறங்க நாற்பது விநாடி ஆகும். இறங்கும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதற்குச் சம்பளம்.

உங்கள் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, எப்படி இருக்கே என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். இருபது எண்ணினேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை போலும். மூன்றாவது ஞாயிறு பதினாறில் வந்தது. ‘‘போன் சூடா இருக்கு. தீத்தா வெங் கதவுக்குப் பின்னால நிக்கறாங்க.’’

அவ்வளவுதான் மனாங். பொதுக் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

மன்னிப்பு என்பது ஒரு தாள். உங்களுக்கு நல்ல மொழி இருக்கிறது. எனக்காக வேண்டாம், அவளுக்காக எழுதிக் கொடுங்கள்.

கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டாம். பக்கத்திலேயே உட்காருங்கள்.

ஜோய்


ஹாரோ
மார்ச் 29

அன்புள்ள ஜோய்,

நலம். ஹானும் நலம், வெயில் தாங்காமல் கழுத்தில் மட்டும் வேர்க்குரு. உன் முதுகைப் பற்றி ஜூலைக்குப் பிறகு நீயும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. எப்படி இருக்கிறது?

எழுதிக் கொடுத்தேன். ஆறு வரி. பல்மாரெஸ் அதை என் முன்னாலேயே, உதட்டை அசைத்து இரண்டு முறை படித்தார். பிறகு பள்ளி எப்போதும் பெரிய மனதோடுதான் நடந்துகொள்ளும் என்றார். நான் நன்றி சொன்னேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நீ இதைத் தினமும் செய்கிறாய் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நேற்று குழு கூடியது. பல்மாரெஸ், தூபஸ், பெற்றோர் சார்பில் ஒருவர். அந்த ஒருவர் கலியெகோ. அதைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அதிலும் ரிப்பன் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. ஷெக்கினா கடைசி மாதங்களில் ஸ்டிக்கர் வாங்க மறந்துவிட்டாளாம். ஒருத்தியோடு பேசவே இடைவேளை போதவில்லையாம்.

தூபஸ் அறிக்கையை வாசித்தார். தொண்ணூற்றிரண்டு சதவீதம். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு பல்மாரெஸ், ஒப்புக்குக் கேட்பது போல, ஹானைப் பார்த்துக் கேட்டார். ‘‘அடுத்த வருஷமும் இந்தப் பிள்ளைங்களோடயே படிக்க உனக்கு இஷ்டமா?’’

ஹான் ஜன்னலைப் பார்த்தாள். பல்மாரெஸ் இரண்டு விநாடி பொறுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ‘‘பதில் இல்ல. நீங்க சொல்லுங்க மேடம்’’ என்றார்.

நானும் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், ஜோய். அதையும் எழுதிவிடுகிறேன்.

‘‘இருங்க, இருங்க. அவ இன்னும் முடிக்கல’’ என்றார் கலியெகோ. என்னைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘எங்க வீட்ல தினமும் இதே விளையாட்டுதான் மேடம். சோறு போடுன்னு சொல்றதுக்கு முன்னாடி பதினொண்ணு எண்ணணும். பைத்தியம் பிடிக்குது.’’

எதற்காகச் சொன்னார் என்று தெரியவில்லை. அடுத்த வருஷமும் அந்த ரிப்பன் உண்டு. ஹான் இல்லாவிட்டால் ரிப்பனும் இல்லை. நான் கேட்கவில்லை. நான்கு பெரிய மனுஷிகள் மின்விசிறிச் சத்தத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஹான் சொன்னாள். ‘‘ஒன்பது பேர் சரி. மத்தவங்க கேட்டுட்டு ஓடிடறாங்க. அவங்களை அக்கரை ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க.’’

பல்மாரெஸ் பேனாவைத் திறந்து, படிவத்தில் நான்காம் வகுப்பு என்ற வரிக்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உன் அக்கா,
வெங்